யாழ்ப்பாணத்திலிருந்து ஆய்வு வேலை தேடுவோருக்கு: விஞ்ஞான, பொறியியல் பட்டதாரிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் திருநெல்வேலி வளாகத்திலும் கிளிநொச்சி அறிவியல்நகர் வளாகத்திலும் படித்து முடிப்பவர்கள், இறுதியாண்டுப் பெறுபேறு வருமுன்பும் வந்த பின்பும் கேட்கும் கேள்விகள் இவை. பெற்றோர் கேட்பவையும் இரண்டு உண்டு. அவற்றுக்கும் ஒளிவுமறைவின்றியே பதில் சொல்லியிருக்கிறேன்.

பல்கலைக்கழகத்தில் ஆய்வு வேலை என்றால் உண்மையில் எந்த வேலை?

ஒரே பெயரில் வெவ்வேறு வேலைகள் உலவுவதால் குழப்பம் வருகிறது. தற்காலிக உதவி விரிவுரையாளர் பதவி முதன்மையாகக் கற்பித்தல் வேலை. செய்முறை வகுப்பு, பயிற்சி வகுப்பு, விடைத்தாள், பரீட்சை மேற்பார்வை என்று நாள் போய்விடும். ஆய்வு மிஞ்சிய நேரத்தில்தான் நடக்கும். ஆய்வு உதவியாளர் பதவி வேறு. ஒரு பேராசிரியருக்கோ முதுநிலை விரிவுரையாளருக்கோ கிடைத்த திட்டப் பணத்திலிருந்து மாதப்படி வரும். பல திட்டங்களில் அத்தோடு முதுதத்துவமாணிப் (எம்.பில்.) பட்டத்துக்கும் பதிந்துகொள்ளலாம். சில திட்டங்களில் பதிந்தே ஆகவேண்டும். நிரந்தரமான பாதை தகுதிகாண் விரிவுரையாளர் பதவியில் தொடங்குகிறது. அதற்கு நல்ல வகுப்புச் சித்தி வேண்டும், வெற்றிடமும் வேண்டும். முதலாவது உங்கள் கையில், இரண்டாவது எவர் கையிலும் இல்லை.

வெளிநாட்டில் இன்னொரு வகை உண்டு. நோர்வே, சுவீடன், நெதர்லாந்து, ஜேர்மனி போன்ற நாடுகளில் கலாநிதிப் படிப்பே பெரும்பாலும் சம்பளத்தோடு கூடிய வேலை. ஒப்பந்தம், வரி, விடுமுறை எல்லாம் உண்டு. ‘படிக்கப் போகிறேன்’ என்று வீட்டில் சொல்லிவிட்டு வேலைக்குப் போகிறவர்கள் இவர்கள்தான்.

மகள் ஆய்வு உதவியாளராகச் சேரப்போவதாகச் சொல்கிறாள். இது அரசாங்க வேலையா?

இல்லை. திட்டம் முடிந்தால் பதவியும் முடியும். யாழ்ப்பாணத்தில் பட்டம் பெற்ற பிள்ளைக்கு ஆசிரிய நியமனமோ பிரதேச செயலக நியமனமோ வரும் என்று காத்திருக்கும் வீடுகள் ஏராளம். அந்த அளவுகோலால் அளந்தால் இது வேலையே அல்ல. ஆனால் நியமனத்துக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, இடையில் ரியூசன் வகுப்பு எடுத்துக் காலம் போக்குவதோடு ஒப்பிட்டால், இரண்டு ஆண்டு ஆய்வு உதவியாளராக இருப்பது கைக்கு ஒரு தொழிலையும் பெயருக்கு ஓர் ஆய்வுக் கட்டுரையையும் தரக்கூடியது. மகளிடம் ‘நிரந்தரமா?’ என்று கேட்பதை விட்டு, ‘திட்டம் எத்தனை மாதம்? மேற்படிப்புப் பதிவு உண்டா? பதிவுக் கட்டணம் யார் கட்டுவது?’ என்று கேளுங்கள். இந்த மூன்றுக்கும் அவளிடம் விடை இருந்தால் அவள் விசாரித்துத்தான் இறங்குகிறாள்.

விளம்பரங்களை எங்கே பார்ப்பது?

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் இணையத்தளத்தில் வெற்றிடப் பகுதி இருக்கிறது. பேராதனை, மொறட்டுவை, கொழும்பு, வவுனியா ஆகியவற்றுக்கும் அப்படியே. நிரந்தரப் பதவிகள் பத்திரிகைகளிலும் வரும், குறிப்பாக ஞாயிறு ஆங்கிலப் பத்திரிகைகளில். பல்கலைக்கழகங்களுக்கு வெளியே பார்த்தால், கண்டி ஹந்தானையில் உள்ள அடிப்படைக் கற்கைகளுக்கான தேசிய நிறுவகம் ஆய்வு உதவியாளர்களை எடுப்பது வழக்கம். அங்கே வேலை செய்துகொண்டே பேராதனையின் விஞ்ஞானப் பட்டப்பின் கற்கைகள் நிறுவகத்தில் பட்டத்துக்குப் பதிந்தவர்கள் பலர். ஹோமாகமையில் நனோ தொழில்நுட்ப நிறுவகம், தலவாக்கலையில் தேயிலை ஆராய்ச்சி நிறுவகம், லுணுவிலையில் தென்னை ஆராய்ச்சி நிறுவகம் இருக்கின்றன. நம் பக்கத்தில் கைதடியில் பனை ஆராய்ச்சி நிறுவகமும், திருநெல்வேலியிலும் கிளிநொச்சியிலும் விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையங்களும் உண்டு. பதவிகள் குறைவு என்றாலும் கதவு தெரிந்திருப்பது நல்லது.

வெளிநாட்டுக்கு: ஐரோப்பா முழுவதற்கும் யூராக்செஸ், பிரித்தானியாவுக்கு ஜொப்ஸ் டொட் ஏசி டொட் யூகே, நோர்வேக்கு ஜொப்நோர்கே, நெதர்லாந்துக்கு அக்கடமிக் டிரான்ஸ்பர். இவற்றில் உங்கள் துறைச் சொல்லைக் கொடுத்து மின்னஞ்சல் அறிவிப்பு வைத்துவிட்டால் தினமும் போய்த் தேடவேண்டியதில்லை.

விளம்பரங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒன்றும் அகப்படவில்லையே?

விளம்பரம் கடைசிப் படி. அதற்கு முன் நடந்தவற்றைப் பாருங்கள். ஒருவர் ஒரு கேள்வியை எழுதி நிதி கேட்டார், நிதி கிடைத்தது, அதில் ஒரு பங்கு ஆளுக்கு என்று ஒதுக்கப்பட்டது, அந்தப் பங்கைச் செலவழிக்க ஒரு காலக்கெடு விதிக்கப்பட்டது. இவ்வளவும் நடந்த பிறகே விளம்பரம். ஆகவே தேடவேண்டியது பதவியை அல்ல, பணம் வந்த ஆளை.

இலங்கையில் அந்தப் பணம் பெரும்பாலும் தேசிய விஞ்ஞான மன்றம், தேசிய ஆராய்ச்சிப் பேரவை, பல்கலைக்கழகங்களின் சொந்த ஆய்வு நிதி, வெளிநாட்டுக் கூட்டுத் திட்டங்கள் ஆகியவற்றிலிருந்து வருகிறது. நிதி பெற்ற திட்டங்கள் பற்றிய செய்திகள் பொதுவெளியில் கிடைக்கும். துறைகளின் இணையப் பக்கங்களில் நடைபெறும் திட்டங்கள் என்ற பகுதி இருக்கும். அது பழையதாக இருந்தால் அந்தத் துறையினரின் அண்மைக் கட்டுரைகளின் இறுதியில் உள்ள நன்றியுரையைப் படியுங்கள். எந்த நிதி, எந்த இலக்கம் என்று அங்கே எழுதியே இருக்கும். கட்டுரையின் சுருக்கத்தை மட்டும் படித்து மூடிவிடும் பழக்கம் நம் மாணவர்களிடம் பரவலாக இருக்கிறது. வேலை தேடுபவருக்கு அந்தக் கடைசிப் பத்திதான் முக்கியம்.

ஓர் உதாரணம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பௌதிகவியல் துறை, மேற்கு நோர்வே பிரயோக விஞ்ஞானப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து தூய சக்திக்கான நனோபொருட்கள் பற்றிய கூட்டுத் திட்டத்தை நடத்தியிருக்கிறது. இப்படியான திட்டம் ஒன்று வந்தால் இரு பக்கமும் ஆட்கள் பயணிப்பார்கள், மாணவர் பரிமாற்றம் நடக்கும், அடுத்த திட்டத்துக்கு விண்ணப்பம் எழுதப்படும். அந்த வட்டத்துக்குள் இறுதியாண்டுச் செயற்றிட்டம் செய்த மாணவருக்குத் தெரியவருவது, வெளியில் விளம்பரம் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு மாதங்கள் கழித்தே தெரியவரும். இதைச் சிலர் ‘ஆள் பிடிப்பது’ என்று முகம் சுளிப்பார்கள். வேலையைக் காட்டி அறிமுகமாவது வேறு, செல்வாக்கைக் காட்டி அறிமுகமாவது வேறு. முதலாவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

தெரியாத பேராசிரியருக்கு எப்படி எழுதுவது?

சுருக்கமாக எழுதுங்கள். பிறகு அதையும் பாதியாக வெட்டுங்கள். ‘மாண்புமிகு’, ‘பெருமதிப்பிற்குரிய’, ‘தங்கள் பொன்னான நேரம்’ ஆகியவற்றை ஆங்கிலத்தில் பெயர்த்து எழுதுவதால் பயன் ஒன்றும் இல்லை. முதல் வரியில் நீங்கள் யார், எந்தப் பட்டம், எப்போது முடிகிறது. இரண்டாவதில் அவருடைய எந்த வேலையைப் படித்தீர்கள், அதில் எந்த இடம் உங்கள் வேலையைத் தொடுகிறது. மூன்றாவதில் உங்களால் செய்யக்கூடியது: எந்தக் கருவியை இயக்கியிருக்கிறீர்கள், எந்த மென்பொருளில் எழுதியிருக்கிறீர்கள், எந்தத் தரவைச் சேர்த்திருக்கிறீர்கள். நான்காவதில் நேரடிக் கேள்வி: அடுத்த ஆண்டில் இந்தத் துறையில் ஆள் எடுக்கும் எண்ணம் உண்டா? சுயவிபரக் கோவையையும் பெறுபேற்று அட்டவணையையும் இணையுங்கள். முடிந்தது.

ஒரே கடிதத்தைப் பெயரை மட்டும் மாற்றி நூறு பேருக்கு அனுப்புவது, கோயில் திருவிழாவில் துண்டுப்பிரசுரம் கொடுப்பது மாதிரி: வாங்குபவர் படிப்பதில்லை. அதைவிட மோசம், ஒரே துறையில் மூன்று பேருக்கு ஒரே கடிதம் போய்ச் சேர்வது. அவர்கள் ஒன்றாகத் தேநீர் குடிப்பவர்கள். ஒரு பேராசிரியரின் இரண்டு கட்டுரைகளை ஒழுங்காகப் படித்து ஒரு கடிதம் எழுத ஒரு மாலை வேண்டும். அந்த மாலையைச் செலவிட மனமில்லை என்றால் அந்தத் துறையில் உங்களுக்கு ஆர்வம் இல்லை என்றும் கொள்ளலாம்.

பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒரு முறை நினைவூட்டுங்கள். அதற்கும் வராவிட்டால் விட்டுவிடுங்கள். அது நிராகரிப்பு என்றுகூட இல்லை, பல நேரங்களில் படிக்கப்படாமலே போயிருக்கும்.

எங்கள் ஆய்வுகூடத்தில் பெரிய கருவிகள் இல்லை. வெளியில் போட்டியிட முடியுமா?

இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு தாழ்வுணர்ச்சி இருக்கிறது. கருவி இல்லாதது உண்மையான குறைதான். ஆனால் இங்கே மட்டும் கிடைப்பதும் இருக்கிறது, அதை நம்மவர்கள் சுயவிபரக் கோவையில் எழுதுவதே இல்லை.

நிலத்தடி நீரை எடுங்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் கிடையாது. வழுக்கியாறு மழைக்காலத்தில் மட்டும் ஓடும். குடிநீரும் தோட்டத்து நீரும் பெரும்பாலும் சுண்ணாம்புக்கல் அடுக்குகளில் தேங்கும் மழைநீர்தான். அளவுக்கு மேல் இறைத்தால் கீழிருந்தும் கரையிலிருந்தும் உப்புநீர் ஏறும். செறிவாகப் பசளை இடும் தோட்டங்களும் மலக்குழிகளும் அதே பாறைக்கு மேல்தான் இருக்கின்றன, சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளோ நீரை வடிகட்டாமலே கீழே விடும். அதனால்தான் கிணறுகளில் நைத்திரேற்று. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்குச் சொல்லும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம், அதைத் தாண்டிய கிணறுகள் இங்கே பதிவாகியிருக்கின்றன. சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் நீதிமன்றம் வரை போனது. இப்படியான பாறையமைப்பில் நீர்மாசு எப்படிப் பரவுகிறது என்பதை உலகின் பல பகுதிகளில் ஆராய்கிறார்கள். இரண்டு பருவங்களுக்கு, மழைக்கு முன்னும் பின்னும், ஒரே கிணறுகளில் ஒழுங்காக மாதிரி எடுத்து, இடத்தையும் ஆழத்தையும் நேரத்தையும் குறித்து வைத்த ஒரு மாணவரிடம், பெரிய ஆய்வுகூடத்திலும் வாங்க முடியாத ஒன்று இருக்கிறது. எடுத்த மாதிரியைப் பேராதனையிலோ வெளிநாட்டிலோ அளக்கலாம். எடுக்காமல் விட்ட மழைக்காலத்தைத் திரும்பப் பிடிக்க முடியாது.

பொறியியலாருக்கும் இதுவே. தீவுகளில் சிறு மின்வலையமைப்பு, உப்புக்காற்றில் சூரியத் தகடு, மன்னாரில் 103.5 மெகாவாட் காற்றாலைப் பண்ணை. மாறிக்கொண்டே இருக்கும் மூலங்களைச் சிறிய மின்வலையமைப்பில் சேர்க்கும் சிக்கல் பாடநூலில் இருப்பதைவிடப் பக்கத்திலேயே இருக்கிறது. கணினித் துறையாருக்குத் தமிழ்ப் பேச்சையும் எழுத்தையும் கணினிக்குப் பழக்கும் வேலை இன்னும் மலைபோல் மிச்சம் கிடக்கிறது.

இங்கே ஒரு பக்கக் குறிப்பு. யாழ்ப்பாணத்து விஞ்ஞான பீடமே 1974 இல் வட்டுக்கோட்டையில், யாழ்ப்பாணக் கல்லூரியிடமிருந்து பெற்ற கட்டடங்களில்தான் தொடங்கியது. திருநெல்வேலிக்கு வந்தது பின்னர். கருவி வரட்டும் என்று அன்று எவரும் காத்திருக்கவில்லை.

பொதுப் பட்டம் மூன்றாண்டு, சிறப்புப் பட்டம் நான்காண்டு. எது எங்கே செல்லும்?

இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் மூன்றாண்டுப் பட்டம் 5 ஆம் மட்டம், நான்காண்டுச் சிறப்புப் பட்டம் 6 ஆம் மட்டம், முதுதத்துவமாணி 11, கலாநிதி 12. அமெரிக்காவில் நான்காண்டுப் பட்டத்தோடு நேரே கலாநிதிப் படிப்புக்குள் போகலாம். நோர்வே, நெதர்லாந்து, ஜேர்மனியில் வழக்கமாக முதுமாணிப் பட்டம் கேட்பார்கள். பிரித்தானியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் நல்ல வகுப்போடு, ஆய்வுக்கூறு உள்ள நான்காண்டுப் பட்டம் பல இடங்களில் போதும். போட்டி மிகுந்த நிதிக்கு முதுமாணி இருந்தால் கை ஓங்கும். மூன்றாண்டுப் பட்டம் மட்டும் இருப்பவர் முதலில் இங்கேயே ஆய்வுக்கூறு உள்ள ஒரு முதுமாணியை முடிப்பது நல்லது. அதைச் சுற்றி வளைத்துப் போக வழி தேடுவதில் வீணாகும் காலமும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

இரண்டாம் வகுப்பு கீழ்நிலைதான் கிடைத்தது. வழி மூடிவிட்டதா?

இலங்கைப் பல்கலைக்கழகத்தில் நிரந்தர விரிவுரையாளராகும் நேர்வழி மிகவும் ஒடுங்கிவிட்டது. ஆய்வு மூடவில்லை. முதுமாணிப் பெறுபேறும் ஒரு கட்டுரையும் பழைய வகுப்பைப் பின்னுக்குத் தள்ளும்.

வெளிநாட்டு வழிகளில் எதை முதலில் பார்ப்பது?

பணமும் நாட்காட்டியும் தீர்மானிக்கட்டும். அமெரிக்காவில் பெரும்பாலான விண்ணப்பங்கள் டிசம்பரில் முடியும், படிப்பு ஓகஸ்ட் அளவில் தொடங்கும். கற்பித்தல் உதவி அல்லது ஆய்வு உதவிப் பதவி கிடைத்தால் கட்டணம் நீங்கிச் செலவுக்குப் பணமும் வரும். பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் ஏப்ரல் 15 வரை முடிவெடுக்க அவகாசம் தரும் உடன்பாட்டில் இருக்கின்றன. அதற்கு முன் அவசரப்படுத்தி ஒப்பம் கேட்டால் இந்தத் திகதியைப் பணிவாக நினைவூட்டலாம்.

நோர்வேயில் 2023 முதல் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வரும் முதுமாணி மாணவர்களிடம் கட்டணம் வாங்குகிறார்கள். ‘அங்கே படிப்பு இலவசம்’ என்று மாமா சொன்னது அந்தக் காலம். ஆனால் கலாநிதிப் பதவி சம்பள வேலை என்பதால் இந்தக் கட்டணம் அதைத் தொடாது. மூன்றாண்டு, அல்லது கற்பித்தல் கடமையோடு நான்காண்டு. ஜேர்மனியில் பதவிகள் அரச ஊழியர் சம்பளத் திட்டத்தின் 13 ஆம் தரத்தில் இருக்கும், பல நேரங்களில் முழுச் சம்பளமாக அல்ல, அதில் பாதியோ முக்கால் பங்கோ. விளம்பரத்தில் உள்ள சதவீதத்தைப் பார்க்காமல் மகிழ்ந்துவிடாதீர்கள்.

பல நாட்டு நிறுவனங்கள் சேர்ந்து கலாநிதி மாணவரைச் சம்பளத்தோடு எடுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி கலாநிதி வலையமைப்புகளை நம்மவர்கள் போதிய அளவு பயன்படுத்துவதில்லை என்பது என் அபிப்பிராயம். அதில் குடியுரிமைத் தடை இல்லை. முக்கிய நிபந்தனை, சேருமுன் கடந்த 36 மாதங்களில் சேரப்போகும் நாட்டில் 12 மாதங்களுக்கு மேல் இருந்திருக்கக் கூடாது என்பது. யாழ்ப்பாணத்திலேயே இருந்தவருக்கு இந்த விதி நூற்றுக்கு நூறு சாதகம். அந்த நாட்டில் முதுமாணி படித்தவரே இங்கே தகுதி இழப்பார்.

பிரித்தானியாவில் அரச ஆராய்ச்சி நிதியில் வெளிநாட்டினருக்கான இடம் வரையறுக்கப்பட்டது. மேலும் பல விஞ்ஞான, பொறியியல் ஆய்வுகளுக்கு விசாவுக்கு முன் ஏட்டாஸ் என்ற அனுமதிச் சான்று வேண்டும். கட்டணம் இல்லை, ஆனால் வாரக்கணக்கில் எடுக்கும். யப்பானிய அரசு தரும் மெக்ஸ்ட் புலமைப்பரிசிலுக்குத் தூதரகம் வழியாகவும் பல்கலைக்கழகம் வழியாகவும் விண்ணப்பிக்கலாம். இரண்டிலும் உங்களை ஏற்க ஒரு பேராசிரியர் சம்மதித்தால்தான் காரியம் நடக்கும். பலாலி விமான நிலையத்திலிருந்து சென்னை பக்கம்தான், எனினும் இந்தியாவில் இளநிலை ஆய்வாளர் பதவிகள் பெரும்பாலும் இந்தியக் குடிமக்களுக்கே. அங்கே போவதானால் புலமைப்பரிசில் வழியே பாருங்கள்.

கலாநிதி இடம் எடுத்துத் தருவதாக ஒரு முகவர் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

வேண்டாம். சம்பளத்தோடு ஆள் எடுக்கும் பேராசிரியருக்கு இடையில் தரகர் தேவையில்லை. பல்கலைக்கழகத்துக்கே கட்டும் விண்ணப்பக் கட்டணம் வேறு விடயம், அதையும் சில இடங்களில் கேட்டால் நீக்குவார்கள். பணம் வாங்கிக்கொண்டு ஒரு வாரத்தில் கட்டுரையை வெளியிடும் ஆய்விதழ்களிலிருந்தும் விலகி நில்லுங்கள். மேற்பார்வையாளருக்குத் தெரியாமல் அப்படி வெளியிட்ட கட்டுரை, சுயவிபரக் கோவையில் இல்லாமல் இருப்பதே மேல்.

பரிந்துரைக் கடிதம் கேட்கத் தயக்கமாக இருக்கிறது. ‘சேர்’ கோபிப்பாரோ?

கடிதம் எழுதுவது அவருடைய வேலையின் ஒரு பகுதி. கோபம் வருவதெல்லாம் நாளை முடிவுத் திகதி என்று இன்றிரவு கேட்கும்போதுதான். ஒரு மாதம் முன்பாக நேரில் போய்க் கேளுங்கள். எங்கெல்லாம் விண்ணப்பிக்கிறீர்கள், ஒவ்வொன்றின் முடிவுத் திகதி, உங்கள் சுயவிபரக் கோவை, அவரிடம் செய்த வேலையின் சுருக்கம் ஆகியவற்றை ஒரே மின்னஞ்சலில் அனுப்பிவையுங்கள். ‘கடிதத்தை நீயே எழுதிக்கொண்டு வா, நான் ஒப்பமிடுகிறேன்’ என்று சொல்பவர்களும் உண்டு. அப்படி எழுதும் கடிதத்தில் ‘கடின உழைப்பாளி, ஒழுக்கமானவர்’ என்றுதான் எவரும் எழுதுவார்கள், அது எங்கும் எடுபடாது. அவரிடம் உண்மையான நான்கு வரி கேட்டு வாங்குவது கடினம், ஆனாலும் முயலுங்கள். துறைத்தலைவரின் பொதுவான கடிதத்தைவிட, உங்களோடு ஆய்வுகூடத்தில் நின்ற இளம் விரிவுரையாளரின் கடிதமே கனமானது.

பொறியியல் முடித்தவர் கம்பனிக்குப் போனால் ஆய்வுக்குத் திரும்ப முடியாதா?

முடியும். சம்பளத்தைக் குறைத்துக்கொள்ள வீடு சம்மதிக்குமா என்பதே சிக்கல்.

இணையவழி நேர்முகத்துக்கு எப்படித் தயாராவது?

உங்கள் செயற்றிட்டத்தை ஐந்து நிமிடத்தில், துறை தெரியாதவருக்கும் விளங்க, ஆங்கிலத்தில் சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள். எண்களை ஞாபகத்தில் வைத்திருங்கள்: எத்தனை மாதிரி, எவ்வளவு பிழைவீச்சு, ஏன் அந்த முறை. ‘அந்தப் பகுதியை நண்பர் செய்தார்’ என்றால் அப்படியே சொல்லுங்கள். குழு வேலையை முழுவதும் தன் வேலையாகக் காட்டுபவர் இரண்டாவது கேள்வியில் அகப்படுவார். அவர்களிடம் நீங்கள் கேட்கவும் இரண்டு கேள்வி வைத்திருங்கள். நிதி எந்த மாதம் வரை, குழுவில் இப்போது யார் யார் என்பவை நல்ல தொடக்கம்.

மின்வெட்டுக்கும் இணையத் தடங்கலுக்கும் மாற்று ஏற்பாடாகக் கைபேசியில் டேட்டாவோடு இணைப்பைத் தயாராக வையுங்கள். நேரத்தையும் சரிபாருங்கள். இலங்கையில் கடிகாரம் மாறுவதில்லை, அங்கே மாறும். ஒஸ்லோவில் பிற்பகல் 2 மணி என்றால் குளிர்காலத்தில் நமக்கு மாலை 6.30, கோடையில் 5.30. ஐரோப்பா மார்ச், ஒக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிற்றிலும், அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிற்றிலும் நவம்பர் முதல் ஞாயிற்றிலும் நேரத்தை மாற்றுகின்றன. அந்த வாரங்களில் நேர்முகம் வைத்தால், ‘இலங்கை நேரப்படி இத்தனை மணி என்று எடுத்துக்கொள்கிறேன், சரியா?’ என்று முதல் நாளே ஒரு வரி எழுதிக் கேட்டுவிடுங்கள்.